ஏரிக்கரை வீட்டின் ஆறாவது கட்டில்

மகள் கிளோறியா போனில் ஏரிக்கரை வீட்டுக் கதையை எடுத்ததும், பஸ்தியாம்பிள்ளை பிடரியைச் சொறிந்துகொண்டு "ஓம், போவம்" என்று சொன்னார். அந்த ஒரு சொல்லைக் கேட்டு அவருடைய மனைவி விக்ரோரியா குசினி அடுப்படியில் போய் நின்று மூக்கைச் சிந்தினாள்.

சிந்தாமல் என்ன செய்வாள்? தகப்பனும் மகளும் மூன்று வருடமாக முகம் பார்த்துக் கதைக்கவில்லை. மகள் டென்மார்க்கின் மறுமுனையில், டோஸ்ட்ருப்பில், மிக்கெல் என்கிற டெனிஸ் பெடியனோடு, கோயிலில் கலியாணம் முடிக்காமல், ஒரே வீட்டில் இருக்கிறாள். அந்த வீட்டுப் படியில் அவர் கால் வைத்ததில்லை. கிரின்ஸ்டெட்டில் இருக்கும் தன் வீட்டுப் படியில் அந்தப் பெடியன் கால் வைக்கவும் விட்டதில்லை. அப்படிப்பட்ட மனிதர், அவனோடு ஒரே கூரைக்குக் கீழே ஒரு கிழமை இருக்கச் சம்மதித்துவிட்டார்.

வீடு சுவீடனில். இரண்டு பெரிய பாலம் தாண்டி, காட்டுக்குள்ளே வடக்காகப் போகவேண்டும். சிவப்பு மரவீடு, முன்னால் ஏரி, துடுப்போடு ஒரு வள்ளம், மூன்று அறை, ஆறு கட்டில். 29-ஆம் கிழமை, அதாவது ஆடி மாத நடுவில் ஒரு வாரம். டென்மார்க்கில் கோடை லீவுக்குத் தேதி சொல்கிறவர் குறைவு, கிழமை நம்பர்தான்.

கிளோறியா ஏன் ஏரிதான் வேண்டுமென்று நின்றாள் என்பது தாய்க்கு மட்டும் தெரியும். பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்பில் இருந்தபோது, லீவு முடிந்து வந்த பிள்ளைகளை ரீச்சர் வட்டமாக இருத்தி, யார் யார் எங்கே போனீர்கள் என்று கேட்டாள். ஒருத்தி ஸ்பெயின் என்றாள். ஒருத்தன் இத்தாலி என்றான். கிளோறியா சுவீடன் ஏரி என்று சொல்லிவிட்டாள். அப்பா வள்ளம் ஓட்டினார் என்றும் சொல்லிவிட்டாள். பிறகு பெற்றோர் கூட்டத்தில் ரீச்சர் சிரித்துச் சிரித்து விக்ரோரியாவிடம் சுவீடனைப் பற்றிக் கேட்டாள். விக்ரோரியாவுக்கு அப்போது டெனிஸ் பாதிகூட விளங்காது. "யா, யா" என்று தலையாட்டினாள். வீட்டுக்கு வந்து மகளிடம் கேட்டபோதுதான் விசயம் தெரிந்தது. அடிக்கக் கை வரவில்லை.

அந்தப் பொய்யை இந்தக் கோடையில் உண்மையாக்கிவிடலாம் என்று பெண் நினைத்தாள். தாயும் நினைத்தாள்.

அப்படி நினைத்துக்கொண்டுதான் ஞாயிற்றுக்கிழமை காலை தமிழ்ப் பூசைக்குப் போனாள்.

மாதத்தில் ஒருதரம் நடக்கிற பூசை. முடிந்ததும் பின் மண்டபத்தில் கோப்பியும், ஆளாளுக்குக் கொண்டுவந்த பலகாரமும். விக்ரோரியா பற்றிஸ் தட்டோடு நின்றாள். தங்கமலர் வந்து ஒன்றை எடுத்துக் கடித்தாள். பஸ்தியாம்பிள்ளை வேலைசெய்யும் இறைச்சி பெக்டரியில்தான் அவளுடைய புருஷனுக்கும் வேலை.

ஏரிக்குப் போகிறோம், பிள்ளைகள் எல்லாரும் வருகிறார்கள் என்று விக்ரோரியா ஒரு பெருமையோடு சொன்னாள். தங்கமலர் மெல்லுவதை நிறுத்தினாள்.

"எந்தக் கிழமை அக்கா?"

"இருபத்தொன்பது."

"அப்ப அண்ணை வரேல்லையோ? இந்த முறையும் கழுவல் வேலைக்கு அவர் பேர் குடுத்திருக்கிறாரெண்டு இவர் சொன்னவர்."

பெக்டரி கோடையில் மூன்று கிழமை பூட்டுவார்கள். எல்லாரும் வீட்டுக்குப் போன பிறகு, நாலைந்து பேர் மட்டும் நின்று, சுடுதண்ணிக் குழாயை இழுத்துக்கொண்டு, மெசின் முழுவதையும் எலும்பு எலும்பாகக் கழற்றிக் கழுவவேண்டும். பஸ்தியாம்பிள்ளை வருடா வருடம் அதற்கு நின்றவர். அவருடைய லீவு நவம்பர் மழைக்குள்ளேதான் வரும். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருப்பார்கள், அவர் ஜன்னலடியில் இருப்பார்.

"நிக்கச் சொல்லியிருப்பாங்கள்," என்றாள் விக்ரோரியா. "வெளிநாட்டுக்காரரைத்தானே மறிப்பாங்கள். அந்த போர்மனுக்கு இரக்கமில்லை."

தங்கமலர் கையைத் துடைத்துக்கொண்டு அவளை ஒரு மாதிரிப் பார்த்தாள். யாரையும் மறிக்கிறதில்லை என்றாள். விரும்பினவர்கள்தான் பேர் கொடுக்கிறது. தன் புருஷன் ஒருமுறைகூட நின்றதில்லை, ஒருத்தரும் ஏன் என்று கேட்டதும் இல்லை. போர்மன் கென்னெத் போன வருடம், நீ ஒருக்கா வீட்டில் நில்லு மனிசா என்று பஸ்தியாம்பிள்ளை அண்ணையிடம் சொன்னாராம், அண்ணைதான் கேட்கவில்லையாம். சொல்லிவிட்டு, சொல்லக்கூடாததைச் சொன்னமாதிரி, இன்னொரு பற்றிஸை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள்.

விக்ரோரியா தட்டை மேசையில் வைத்தாள்.

எத்தனை கோடை. இங்கிருந்து கொஞ்ச நேர ஓட்டத்தில் பில்லுண்ட். உலகத்துப் பிள்ளைகள் எல்லாம் பிளேன் ஏறி லெகோலாண்டு விளையாட்டுப் பூங்காவுக்கு வருகிறார்கள். அவளுடைய பிள்ளைகள் தகப்பனோடு ஒரு நாளும் போகவில்லை. ஒரு ஆடி மாதத்தில் கிளோறியாவுக்கு வயிற்றில் ஒப்பரேசன் நடந்தது, தகப்பன் வரவில்லை. பெக்டரியில் விடவில்லை. விக்ரோரியாவின் தாய் யாழ்ப்பாணத்தில் செத்ததும் ஒரு கோடையில்தான். அவள் இரண்டு பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு தனியே பிளேன் ஏறினாள். பெக்டரியில் விடவில்லை.

இதில் பெரிய பகிடி ஒன்று இருக்கிறது. அந்த போர்மனின் மனதை இளக்குவதற்காக, நத்தாருக்கு நத்தார், கிறிஸ்மஸ் பரிசாக, விக்ரோரியா மீன் ரோல்ஸ் பொரித்து அனுப்பினாள். முதல் நாளே மீன் அவித்து, முள் பார்த்து, உறைப்பைக் குறைத்து, ஒரு பெரிய அலுமினியத் தட்டு நிறைய. வருகிற கோடையிலாவது மனிசனுக்கு லீவு கொடுக்கட்டும் என்று நேர்த்தி மாதிரிச் செய்தாள். அந்தத் தட்டைப் பெக்டரிக்குக் கொண்டுபோனவர் பஸ்தியாம்பிள்ளைதான். வெறுந்தட்டைத் திருப்பிக் கொண்டுவந்தவரும் அவர்தான். ஒரு வருடமாவது, உது தேவையில்லையப்பா என்று ஒரு சொல் சொன்னவரில்லை.

வீட்டுக்குப் போகிற வழியில், காருக்குள் அவள் அவரைப் பார்க்காமல், ரோட்டைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"இஞ்சேருங்கோ, இருபத்தொன்பதாங் கிழமைக்கு லீவு சொல்லிட்டியளோ?"

"ஓமோம்," என்றார். சிக்னல் போட்டுத் திரும்பினார். பழகின வேலை பார்க்கிற ஆளைப்போலச் சொன்னார்.

மத்தியானம் பிள்ளைகள் வந்தார்கள். கிளோறியா றெயினில் வெய்லே வரை வந்து, அங்கிருந்து தமையன் ஜோனாஸின் காரில். ஜோனாஸுக்குக் கோல்டிங்கில் கணக்காளர் வேலை. அவனுடைய மனைவி யூலியானாவுக்கு அன்றைக்கு ஆஸ்பத்திரியில் டியூட்டி. மிக்கெலை வழக்கம்போலக் கூட்டிவரவில்லை.

சாப்பாடு முடிந்து கோப்பிக் கோப்பை வந்ததும் கிளோறியா கணினியைத் திறந்து மேசை நடுவில் வைத்தாள். ஏரி கண்ணாடி மாதிரிக் கிடந்தது. பஸ்தியாம்பிள்ளை மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டு எட்டிப் பார்த்தார். வள்ளத்தைப் பார்த்து, இது மரமில்லை, பைபராக இருக்கும் என்றார். மூன்று வருடத்துக்குப் பிறகு மகளிடம் அவராகத் தொடங்கிய கதை அதுதான். கிளோறியாவின் கழுத்து சிவந்தது. சின்னதில் சந்தோசம் வந்தாலும் அவளுக்கு அப்படித்தான் சிவக்கும்.

பிறகு பெண்ணின் கதை நிற்கவில்லை. கீழ் அறை அம்மா அப்பாவுக்கு, படி ஏறத் தேவையில்லை. மேலே ஒன்று ஜோனாஸுக்கும் அண்ணிக்கும். மற்றது தனக்கும் மிக்கெலுக்கும். அந்தப் பேரைச் சொன்னதும் தகப்பனை ஓரக்கண்ணால் பார்த்தாள். அவர் கோப்பியை ஊதிக் குடித்தார்.

படுக்கை விரிப்பும் துவாயும் நாங்கள்தான் கொண்டுபோகவேண்டும் என்றாள். கடைசி நாள் வீட்டைத் துப்புரவாக்க ஆள் பிடித்தாயிற்று என்றாள். விக்ரோரியா பழக்கதோசத்தில், ஏன் ஆள், நானே கூட்டித் துடைத்துவிடுவேன் என்றாள். முதியோர் இல்லத்தில் சலவையும் துடைப்பும் செய்து தேய்ந்த கை அது.

"நீங்கள் அங்க ஒரு கோப்பைகூடக் கழுவக்கூடாதம்மா," என்று ஜோனாஸ் சொன்னான். "கழுவினால் வள்ளத்தில ஏத்தி ஏரி நடுவில விட்டிட்டு வருவன்."

எல்லாரும் சிரித்தார்கள். பஸ்தியாம்பிள்ளையும் சிரித்தார். அந்தச் சிரிப்பைத்தான் விக்ரோரியாவால் பொறுக்க முடியவில்லை. மகள், அப்பாவுக்கு மீன்பிடிக்க அனுமதிச்சீட்டு எடுத்துவிட்டேன் என்கிறாள், மனிசன் என்ன மீன் படும் என்று கேட்கிறார். மிக்கெல் தூண்டில் வாங்கி வைத்திருக்கிறான் என்கிறாள், மனிசன் ம் என்கிறார். இப்போது சொல்வார், இந்தக் கோப்பி முடியச் சொல்வார் என்று அவள் அவருடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோப்பி முடிந்தது. அவர் எழும்பிச் சிகரெட் பத்த வெளியே போனார்.

அவளும் பின்னால் போனாள். கார் நிற்கும் கொட்டிலுக்குள், குளிர்கால ரயர் அடுக்கியிருந்த மூலையில் நின்றார்.

தங்கமலர் எல்லாம் சொன்னாள் என்று மட்டும் விக்ரோரியா சொன்னாள். அவர் புகையை விட்டார்.

"எல்லாக் கோடையுமோ?" என்றாள்.

"முதல் ரண்டு வரியமும் உண்மையா மறிச்சவங்கள்," என்றார். "அதுக்குப் பிறகு..."

அதற்குப் பிறகு ஒருத்தரும் மறிக்கவில்லை. அவர் மெதுவாக, யாரோ ஒருவருடைய கதையைச் சொல்கிறமாதிரிச் சொன்னார். பெக்டரி பூட்டின பிறகு உள்ளே சத்தம் இருக்காதாம். பெல்ட் ஓடாதாம். யாரும் நின்று கூப்பிடமாட்டார்களாம். எந்த மெசினை எங்கே கழற்ற வேண்டும், எங்கே தண்ணி அடிக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியுமாம்.

"அங்க நான் என்ன செய்யவேணுமெண்டு எனக்குத் தெரியும், விக்ரோரியா. உங்களோட ஒரு நாள் முழுக்க இருந்தால் எனக்குத் தெரியாது. பிள்ளையள் டெனிசில கதைக்குங்கள். நீர் அதுகளோட சிரிப்பீர். நான் மேசையடிக் கதிரை மாதிரி இருப்பன்."

ஒரு கணம் அவளுக்கு அவர்மேல் இரக்கம் வந்தது. இரக்கம் வந்ததற்காகத் தன்மேல் கோபமும் வந்தது. கதிரை மாதிரி இருக்கிற தகப்பன் போதும் என்றுதானே அந்தப் பிள்ளை வகுப்பில் பொய் சொன்னது. கதிரையாவது வீட்டில் கிடக்கும்.

"அப்ப ஏன் அவளுக்கு ஓம் எண்டனீங்கள்?"

"அந்தப் பெடியனோட ஒரே மேசையில இருக்க என்னால ஏலாது. ஏலாதெண்டால் அவள் அழுவாள், நீர் அழுவீர். கிட்ட வரேக்க பெக்டரியில விடேல்லை எண்டால் ஒருத்தரும் என்னோட கோவிக்க ஏலாது."

சிகரெட்டை மிதித்து அணைத்தார். "நீர் வாயைத் திறக்காதையும். நான் பாத்துச் சொல்லுறன்."

இத்தனை வருடமும் அவள் வாயைத் திறக்காமல்தான் இருந்தாள். தெரியாமல் திறக்காதது ஒன்று. இனித் தெரிந்துகொண்டு திறக்காமல் இருக்கச் சொல்கிறார். மகள் அனுமதிச்சீட்டு எடுப்பாள், மிக்கெல் தூண்டிலுக்கு நைலோன் நரம்பு கட்டுவான், கடைசிக் கிழமையில் ஒரு போன் வரும், எல்லாரும் பெக்டரியைத் திட்டுவார்கள். அவளும் சேர்ந்து திட்டவேண்டும். இரண்டு பேர் சேர்ந்து அந்தப் பிள்ளையை ஏய்க்கவேண்டும்.

அவள் உள்ளே போனாள். அவர் பின்னால் வந்தார், வழியிலேயே அவளுடைய முகத்தைப் பார்த்துவிட்டு முந்திக்கொண்டார்.

"பிள்ளை," என்றார் கிளோறியாவிடம். "அந்தக் கிழமை ஒரு சிக்கல். பெக்டரியில விடமாட்டாங்கள் போல கிடக்கு."

கிளோறியா கணினியிலிருந்து தலையைத் தூக்கினாள். பரவாயில்லை அப்பா என்று சொல்ல அந்தப் பிள்ளையின் வாய் தானாகவே குவிந்தது. எத்தனை வருடப் பழக்கம். அதைப் பார்த்ததும்தான் விக்ரோரியா சொன்னாள்.

"விடாமல் இல்லை. அப்பா லீவு கேக்கேல்லை. நீ அறிய ஒரு கோடையும் கேக்கேல்லை."

பெரிய சத்தமாகச் சொல்லவில்லை. சோறு அவிந்துவிட்டது என்கிறமாதிரித்தான் சொன்னாள். கிளோறியா தமையனைத் திரும்பிப் பார்த்தாள். ஜோனாஸ் கோப்பைப் பிடியைத் தடவிக்கொண்டிருந்தான்.

"எனக்குத் தெரியும்," என்றான். உயர்வகுப்புப் படிக்கும்போது ஒரு கோடை அந்தப் பெக்டரியிலேயே பெட்டி அடுக்கினவன் அவன். கழுவலுக்குப் பேர் கொடுக்கிற விதத்தை அப்போதே கண்டுவிட்டான். "அம்மாவுக்கும் தெரியுமெண்டு நினைச்சன். தெரிஞ்சுகொண்டுதான் பேசாமல் இருக்கிறியள் எண்டு."

விக்ரோரியாவுக்கு அது புருஷன் சொன்னதைவிட ஆழமாக இறங்கியது. இவ்வளவு காலமும் மகன் அவளை எப்படிப் பார்த்திருக்கிறான்? தகப்பனின் பொய்க்குக் கூட்டாக நின்றவள் என்றுதானே.

கிளோறியா டெனிசில் ஏதோ சொன்னாள். தாழ்ந்த குரலில், நிறுத்தாமல். பஸ்தியாம்பிள்ளைக்கு அது ஓடிப் பிடிக்க ஏலாத வேகம். விக்ரோரியாவுக்கு விளங்கியது. முதியோர் இல்லத்துக் கிழவிகள் கற்றுக்கொடுத்த டெனிஸ் அது. மகள் சொன்னது இவ்வளவுதான்: என் ஒப்பரேசன் அன்றைக்குக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன், தாதி வந்து யாரைப் பார்க்கிறாய் என்று கேட்டாள், அப்பாவைப் பெக்டரியில் விடவில்லை என்றுதான் சொன்னேன்.

"என்னவாம்?" என்றார் அவர்.

ஒருத்தரும் மொழிபெயர்க்கவில்லை.

கிளோறியா கணினியை மூடப் போனாள். வீட்டை ரத்துச் செய்துவிடுவோம் என்றாள், இப்போது தமிழில். ஐந்து பேர் போய் அந்த வெறும் ஆறாவது கட்டிலைப் பார்த்துக்கொண்டிருக்க ஏலாது என்றாள்.

விக்ரோரியா கணினி மூடியில் கையை வைத்தாள். "மூடாத. ஆறு கட்டில், ஆறு பேர் போவம்."

போனை எடுத்து ஒரு நம்பரைத் தேடினாள். யாருக்கு என்று ஜோனாஸ் கேட்டான். செலீனா மாமிக்கு என்றாள்.

செலீனா பஸ்தியாம்பிள்ளையின் ஒரே தங்கை. ஹொல்ஸ்டெப்ரோவில் இருக்கிறாள், புருஷன் இல்லை. கிளோறியா மிக்கெலோடு போனபோது சொந்தத்தில் எல்லாரும் கதவைச் சாத்த, இவள் ஒருத்திதான் ஒரு சோற்றுப் பானையும் மாதா படமும் தூக்கிக்கொண்டு நாட்டின் மறுமுனைக்குப் போய் அந்த வீட்டில் பால் காய்ச்சிவிட்டு வந்தவள். அன்றிலிருந்து தமையன் அவளோடு கதையில்லை. நத்தார் வாழ்த்துக்கூட இல்லை. இந்த வீட்டில் அவள் பேரைச் சொல்வதில்லை.

பஸ்தியாம்பிள்ளை, வையும் போனை என்றார். போன் அதற்குள் எடுபட்டுவிட்டது.

"மச்சாளோ?" என்று அங்கிருந்து குரல் வந்தது. "ஆருக்கும் ஏதுமோ?" இந்த வீட்டிலிருந்து போன் வந்தால் செத்த வீடாகத்தான் இருக்கும் என்று அவள் நினைத்திருக்கிறாள்.

ஆருக்கும் ஒன்றுமில்லை என்றாள் விக்ரோரியா. ஏரிக்கரை வீட்டைச் சொன்னாள், கிழமையைச் சொன்னாள், கீழ் அறையில் தன்னோடு படுக்கலாம் என்று சொன்னாள். அண்ணை வாறாரோ என்று செலீனா கேட்டாள். இல்லை என்றாள். அண்ணைக்குத் தெரியுமோ என்று கேட்டாள்.

"முன்னுக்குத்தான் நிக்கிறார்."

"அப்ப நான் வாறன் மச்சாள்," என்றாள் செலீனா. கிளோறியா எழும்பி வந்து தாயின் தோளுக்கு மேலால் குனிந்து, மாமி, நீச்சல் உடுப்பு மறக்கவேண்டாம் என்றாள். கண்ணீரும் மூக்குமாகச் சொன்னாள்.

விக்ரோரியா போனை வைத்தாள். பஸ்தியாம்பிள்ளை கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். குழாய் பிடித்துப் பிடித்து மடங்கிப்போன விரல், நிமிர்த்தினாலும் நிமிராது. அந்த விரலை அவள் பார்த்தாள். ஒரு சொல், ஒரே ஒரு சொல், நானும் வாறன் என்று சொன்னால் போதும், ஏழாவது ஆளுக்கு அவள் நிலத்திலாவது பாய் விரிப்பாள். அவளுக்கு அது தெரியும். அவருக்கும் தெரிந்திருக்கும்.

அவர் வேறொன்று சொன்னார்.

"அந்தத் தங்கச்சிக்காரியையும் அந்தப் பெடியனையும் ஒண்டா இருத்திச் சோறு குடுத்திட்டு, நீர் இந்த வீட்டுக்குத் திரும்பி வரத் தேவையில்லை."

கிளோறியா நிமிர்ந்தாள். ஜோனாஸ் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினான். விக்ரோரியா கையால் அவனை இருக்கச் சொன்னாள். வெறும் கோப்பைகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கினாள், பிறகு, ஏன் அடுக்குகிறேன் என்று நினைத்தவள்போல, மேசையிலேயே விட்டுவிட்டாள்.

"அப்பிடியெண்டால்," என்றாள் மகளைப் பார்த்து, "ஒரு கிழமைக்கு உடுப்புக் கட்டினால் எனக்குப் போதாது, பிள்ளை."